மண்ணுக்கு ஒரு கம்பி

எனக்குச் சங்கீத ஞானம் உண்டா என்று யாராவது கேட்டால், "சத்தத்துக்கும் சங்கீதத்துக்கும் வித்தியாசம் தெரியும், அதற்குமேல் கேட்காதீர்கள்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது என் வழக்கம். சென்ற சித்திரையில் வெம்பக்கோட்டையில் என் தங்கை வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். அந்த ஒரு வாரத்தில் என்னுடைய அந்தப் பதிலும் செல்லாக்காசாகிவிட்டது.

வெம்பக்கோட்டை சிவகாசிக்குத் தெற்கே, வைப்பாற்றங்கரையில் இருக்கிறது. கரிசல் பூமி. சித்திரை வெயிலில் அந்தக் கறுப்பு மண் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். பக்கத்தில் விஜயகரிசல்குளம் மேட்டில் 2022-ஆம் ஆண்டு முதல் தொல்லியல் துறையார் தோண்டி, சங்கு வளையல்களையும் மணிகளையும் சுடுமண் பொம்மைகளையும் வெளியே எடுத்தார்கள். பழைய சரித்திரம் மண்ணுக்குள்ளே இருக்கிறது. புதிய சரித்திரமோ மண்ணுக்கு மேலே, ஒன்றைவிட்டு ஒன்று ஒதுங்கி நிற்கும் சின்னச் சின்ன அறைகளில் நடந்துகொண்டிருக்கிறது. அந்த அறைகளில்தான் பட்டாசு தயாராகிறது. அந்தப் பக்கத்தில் அதைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை; "பயராபீஸ்" என்பார்கள். காலையில் தூக்குவாளியோடு வேனில் ஏறிப் போகிறவர்கள், சாயங்காலம் கையெல்லாம் அலுமினியத் தூளின் வெள்ளிப் பூச்சோடு திரும்பி வருவார்கள்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது பட்டாசைப் பற்றியல்ல, ஒரு கித்தாரைப் பற்றி. இரண்டும் ஒன்றையொன்று எங்கே தொட்டுக்கொள்கின்றன என்பது எனக்கே மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

என் மருமகன் பொறியியல் கல்லூரியில் படிக்கிறான். யாரிடமோ பழைய மின்சாரக் கித்தார் ஒன்றை வாங்கியிருந்தான். அதை ஒலிபெருக்கியில் இணைத்துச் சுவிட்சைப் போட்டதும், அவன் தந்தியில் கை வைப்பதற்கு முன்பே வீடு முழுவதும் ஒரு ரீங்காரம் கிளம்பும். "கூரையில கதண்டு கூடு கட்டுன மாதிரி இருக்குண்ணே" என்றாள் என் தங்கை. இடையிடையே அடுப்பில் உப்புப் போட்டாற்போல் படபடவென்று ஒரு பொரிச்சல் வேறு. பையன் தந்திகளை இரண்டு தடவை மாற்றிவிட்டான். ஒயரையும் மாற்றிவிட்டான். கடைசியில் மாமனாகிய என்னிடம் வந்தான்.

"மாமா, தந்தியில குத்தமில்ல. இதுல இருக்கற பிக்கப்பையே மாத்தணும். நாலாயிரம் ஆகும்."

நாலாயிரம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு ஆராய்ச்சியில் திடீரென்று ஆர்வம் பிறந்தது. பணத்தை எடுப்பதற்கு முன்னால் குற்றம் எங்கே இருக்கிறது என்று பார்க்கவேண்டாமா?

குற்றம் பார்ப்பது நமக்குப் புதிய வித்தையுமல்ல. சீவக சிந்தாமணியில், யாழ்ப் போட்டிக்கு வந்த சீவகனிடம் ஒன்றன்பின் ஒன்றாக யாழ்களைக் கொடுக்கிறார்கள். அவன் வாசிக்கத் தொடங்குவதற்கு முன்பு அவற்றைச் சோதிக்கிறான். ஒன்று நீரில் கிடந்த மரத்தில் செய்தது என்று ஒதுக்குகிறான். இன்னொன்று இடி விழுந்த மரம் என்று ஒதுக்குகிறான். நரம்பின் முறுக்கைப் பிரித்து, உள்ளே புகுந்துவிட்ட ஒரு மயிரை எடுத்துக் காட்டுகிறான். மயிர், தும்பு, கொடும்புரி, முறுக்கு என்று நரம்புக்கு நான்கு குற்றங்களை நம்முடைய பழைய இசை நூலார் வகுத்துவைத்தார்கள். 1887-இல் உ. வே. சாமிநாதையர் அந்தக் காவியத்தைப் பதிப்பித்திராவிட்டால், அந்த மயிர் இன்னும் ஓலைச்சுவடிக்குள்ளேயே ஒளிந்திருக்கும்.

சீவகன் செய்ததில் ஒரு முறை இருக்கிறது. அவன் யாழை வைதுகொண்டு உட்காரவில்லை. முதலில் மரம், பிறகு நரம்பு என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தான். கெட்ட ஓசை எங்கிருந்து வருகிறதோ அங்கே போய் நின்றான். ஆனால் சீவகனுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அவனுடைய யாழ் முழுவதும் அவன் மடியிலேயே இருந்தது. என் மருமகனுடைய கித்தார் அப்படியல்ல. அதன் ஒரு பாதி அவன் மடியில் இருக்கிறது. மறு பாதி சுவரில் உள்ள மூன்று துளைகளின் வழியாக எங்கேயோ போய்விடுகிறது.

தந்திக்குள் மின்சாரம் புகுந்த கதை சுவாரசியமானது. 1920-களில் அமெரிக்காவில் ஹவாய்த் தீவுச் சங்கீதத்துக்கு ஒரு மோகம் பிறந்தது. கித்தாரை மடியில் படுக்கவைத்து, உருக்குக் கட்டையை மேலே இழைத்து வாசிப்பார்கள். குழைவாக இருக்கும், ஆனால் மண்டபத்தில் பின்வரிசைக்குக் கேட்காது. ஜார்ஜ் பீச்சாம் என்ற வாத்தியக்காரருக்கு இந்தக் குறை பெரிய குறையாகப் பட்டது. ரிக்கன்பேக்கர் என்பவரோடு சேர்ந்து அவர் 1931-இல் ஒரு கித்தாரைச் செய்தார். அலுமினியத்தில் வார்த்த அந்த வாத்தியம் வட்டமான உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால், "வாணலி" என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. தந்திகளுக்கு அருகில் காந்தத்தையும், மெல்லிய செம்புக் கம்பிச் சுருளையும் வைத்தார். உருக்குத் தந்தி காந்தத்தின் எதிரே அதிரும்போது சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கும். அதைப் பெருக்கினால் நாதம். இந்தச் சுருளைத்தான் பிக்கப் என்கிறார்கள். 1937-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

ஹவாய்க் கித்தார் நம் நாட்டுக்கும் வந்தது. 1940-களில் ஹவாய் இசைக் கலைஞரான டாவ் மோ தம் குடும்பத்தோடு கல்கத்தாவில் வாழ்ந்து வாசித்தார். கல்கத்தா என்றதும் சிவகாசிக்காரர்களுக்கு வேறொரு ஞாபகம் வரும். 1922-இல் அய்யநாடார், சண்முகநாடார் என்ற இரண்டு இளைஞர்கள் சிவகாசியிலிருந்து அந்த நகரத்துக்குத்தான் போனார்கள். தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு 1923-இல் ஊர் திரும்பினார்கள். மானாவாரிச் சோளமும் பருத்தியும் பொய்த்துப்போன பூமியில் அன்று ஒரு தொழில் முளைவிட்டது. தீப்பெட்டியைத் தொடர்ந்து மத்தாப்பு வந்தது. 1940-ஐ ஒட்டிப் பட்டாசு ஆலைகள் வந்தன.

பீச்சாம் செய்த சுருளுக்கு வருவோம். அதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தந்தியின் அதிர்வை மட்டும் கேட்பது என்ற கட்டுப்பாடு அதற்குக் கிடையாது. வீட்டுக் கம்பிகளில் ஓடும் மாறு மின்சாரத்தையும் ஒட்டுக்கேட்கும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் மாறுவது. ஆகையால் நொடிக்கு 50, 100 என்ற அதிர்வுகளில் ஓர் ஓயாத சுருதி எழும். கித்தாரின் மிகத் தடித்த தந்தியே நொடிக்கு 82 தடவைதான் அதிர்கிறது. ஆக, மின்சார இலாகா நமக்கு இலவசமாக அளிக்கும் இந்தத் தம்பூரா, வாத்தியத்தின் மடியிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதற்குச் சுருதி கூட்டவும் முடியாது. வாயை மூடவும் முடியாது.

இருபது வருஷத்துக்கு மேல் வித்துவான்கள் இதைச் சகித்துக்கொண்டார்கள். 1955-இல் கிப்ஸன் கம்பெனியில் வேலை பார்த்த சேத் லவர் ஓர் உபாயத்தைக் கொண்டுவந்தார். ஒரு சுருளுக்குப் பதிலாக இரண்டு சுருள். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்ப்போக்காக இணைக்கப்பட்டவை. காந்தங்களும் தலைமாறி வைக்கப்பட்டவை. வெளியிலிருந்து வரும் ரீங்காரம் இரண்டிலும் எதிரெதிராகப் பிறந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் நாதம் மட்டும் இரண்டிலும் ஒரே பக்கமாகப் பிறந்து சேர்ந்துகொள்ளும். இரண்டு மாமியார்களைச் சண்டை போடவிட்டு, மருமகள் நிம்மதியாகச் சமைப்பதற்கு ஒப்பான தந்திரம். என் மருமகன் நாலாயிரத்துக்குக் கேட்டது இந்த இரட்டைச் சுருளைத்தான்.

நம்முடைய சங்கீதத்துக்கும் மின்சாரத் தந்தி அந்நியமாக இருந்துவிடவில்லை. 1981-இல் சென்னையில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் மாண்டலினை எடுத்துக்கொண்டு சபையில் உட்கார்ந்தபோது, "இதில் கமகம் வருமா?" என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அந்தச் சிறுவன்தான் யு. ஸ்ரீநிவாஸ். நான்கு ஜோடித் தந்திகள் உள்ள மேனாட்டு வாத்தியத்தை ஐந்து ஒற்றைத் தந்தி உள்ள மின்சார வாத்தியமாக ஆக்கிக்கொண்டு, தோடியையும் பைரவியையும் அதில் பேசவைத்தார். 2014-இல் அவர் மறைந்தார். அவருடைய இசைத்தட்டைக் கேட்கிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே உள்ள மௌனம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! அந்த மௌனத்தில் ஒரு வண்டு பறந்தால் கமகம் போயிற்று.

மூன்றாம் நாள் மாலை. நானும் என் மருமகனும் கித்தாரை நடுவே வைத்துக்கொண்டு, நோயாளியைப் பார்க்கும் இரண்டு போலி வைத்தியர்களைப்போல் உட்கார்ந்திருந்தோம். எதிர்வீட்டுப் பெரியவர் பத்திரிகை வாங்க வந்தார். பயராபீசில் முப்பது வருஷத்துக்குமேல் வேலை பார்த்துப் போர்மேனாக இருந்து ஓய்ந்தவர். ஊரில் எல்லோருக்கும் அண்ணாச்சி. எனக்கும் அவர் அண்ணாச்சி; பையனுக்குத் தாத்தா. சங்கீதத்தில் அவருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் வாசற்படியில் நின்றபடியே சிறிது நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"ஏ, பேராண்டி. நீ தந்தியத் தொடும்போது சத்தம் கூடுதே, கவனிச்சியா?"

பையன் தொட்டான். கூடியது. விட்டான், குறைந்தது.

"கையில ஏதாச்சும் சுருக்குங்குதா?"

"லேசா, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், தாத்தா. செருப்பில்லாம நின்னா இன்னும் கொஞ்சம்…"

பெரியவருடைய குரல் மாறிவிட்டது. "மொதல்ல பிளக்கப் பிடுங்கு. அதத் தொடாத."

பையன் திகைத்துப்போய் நின்றான். நானே எழுந்து பிளக்கைப் பிடுங்கினேன். ரீங்காரம் நின்றது. வெளியே வேப்பமரத்தில் ஒரு காக்கை கத்தியதுகூடக் கேட்டது.

"இது வாத்தியத்துல குத்தமில்லய்யா" என்று பெரியவர் என்னிடம் சொன்னார். "வீட்டுக்கு எர்த் இல்ல."

அவர் சொன்னதை விளக்குவதற்கு ஒரு வார்த்தை. மின்சாரக் கித்தாரின் உள்ளே, தந்திகள் எல்லாம் வந்து சேரும் உலோகப் பாலத்திலிருந்து ஒரு மெல்லிய கம்பி போகிறது. அது ஒயரின் வழியாக ஒலிபெருக்கியின் உலோக உடம்புக்கும், அங்கிருந்து பிளக்கின் பெரிய மூன்றாவது காலின் வழியாக வீட்டின் எர்த் கம்பிக்கும், கடைசியில் மண்ணுக்கும் போய்ச் சேரவேண்டும். மனித உடம்பு ஒரு கொடிமரம்; காற்றில் மிதக்கும் ரீங்காரத்தையெல்லாம் வாங்கிக் கித்தாருக்குக் கொடுக்கும். தந்தியைத் தொட்டவுடன் அந்த உடம்பும் மண்ணோடு சேர்ந்துவிடும். ஆகவே சரியான கித்தாரில், கை பட்டதும் ரீங்காரம் குறையவேண்டும். கை பட்டுக் கூடினால், அதுவும் விரலில் சுருக்கென்றால், கம்பி மண்ணுக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அப்போது வாசிக்கிறவனே மண்ணுக்குப் போகும் கம்பியாகிவிடுகிறான்.

இது வீண் பயமல்ல. 1972-இல் இங்கிலாந்தை அடுத்த வேல்ஸ் நாட்டில், ஸ்வான்ஸி நகரத்து மேடையில், லெஸ் ஹார்வி என்ற இளம் கித்தார் வித்துவான் சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு, ஆயிரக்கணக்கான கண்கள் பார்த்திருக்க, மேடையிலேயே இறந்துபோனார். ஒரு கையில் தந்தி, மறு கையில் மைக். இரண்டில் ஒன்று மண்ணை அறியும், மற்றொன்று அறியாது. நடுவில் மனிதன்.

"அண்ணாச்சி, இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு இதுதான்யா மொதப் பாடம்" என்றார்.

அவர் சொல்லத் தொடங்கினார். பயராபீசில் மருந்து அறைக்குள் நுழைவதற்கு முன், வாசலில் செம்புத் தகடு ஒன்று இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி தரைக்குள் இறங்கும். உள்ளே போகிறவன் அந்தத் தகட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். பாலியஸ்டர் சட்டை கூடாது, பருத்தித் துணிதான். இரும்புச் சாமான் கூடாது; மரம், பித்தளை இப்படித்தான். உள்ளே விளக்கு கிடையாது. பகல் வெளிச்சத்தில்தான் வேலை. ஓர் அறையில் நாலு பேருக்குமேல் இருக்கக்கூடாது. மருந்தை இழுக்கக்கூடாது, தேய்க்கக்கூடாது, உதறக்கூடாது.

"கோயிலுக்குள்ள போகும்போது வாசப்படியத் தொட்டுக் கும்புடுறோம்லா? அந்த மாதிரி தகட்டத் தொடணும்" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. படித்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. உராய்வினால் பிறக்கும் மின்சாரத்தை உண்டாக்குவதற்கு மனிதன் செய்த முதல் இயந்திரம் எது தெரியுமா? ஜெர்மனியில் மாக்டபர்க் நகரத்து மேயராக இருந்த ஆட்டோ பான் கெரிக் என்பவர், குழந்தைத் தலை அளவுக்கு ஓர் உருண்டையை வார்த்து, அதைச் சுழற்றிக் கையால் தேய்த்தார். அது இறகுகளை இழுத்தது; இருட்டில் மினுங்கியது; சடசடத்தது. 1672-இல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அந்த உருண்டை கந்தகத்தால் ஆனது! சிவகாசியில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் அதே கந்தகம். மின்சார சாஸ்திரமும் மத்தாப்பும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சொன்னால் மிகையாகாது.

பிறகு 1729. இங்கிலாந்தில் ஸ்டீபன் கிரே என்ற ஏழைச் சாயக்காரர், முதிய வயதில், ஒரு நீண்ட நூற்கயிற்றின் வழியாக மின்சாரத்தை நூற்றுக்கணக்கான அடி தூரத்துக்கு அனுப்பிப் பார்த்தார். கயிற்றைப் பட்டு நூலால் கட்டித் தொங்கவிட்டபோது மின்சாரம் மறுமுனைக்குப் போயிற்று. பட்டு நூல் அறுந்ததால் பித்தளைக் கம்பியில் தொங்கவிட்டார். மின்சாரம் வழியிலேயே மறைந்துவிட்டது. பட்டு, மின்சாரத்தைப் பிடித்துவைக்கிறது. உலோகம் அதை ஒழுகவிடுகிறது. பாலியஸ்டர் சட்டையை ஏன் கழற்றச் சொல்கிறார்கள், செம்புத் தகட்டை ஏன் தொடச் சொல்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்தக் கிழவர் கட்டிய கயிற்றில் பதில் இருந்தது.

அந்தப் பதிலை உலகம் விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது. 1769-இல் இத்தாலியில் பிரெஷ்ஷா என்ற ஊரில், மாதாகோவில் ஒன்றின் கீழே வைத்திருந்த வெடிமருந்துக் கிடங்கில் இடி விழுந்தது. ஊரில் ஒரு பகுதியே இல்லாமல் போயிற்று. அதற்குப் பிறகுதான் ஆங்கில அரசாங்கம் விழித்துக்கொண்டு, பர்பிளீட் என்ற இடத்திலிருந்த தன்னுடைய மருந்துக் கிடங்கை எப்படிக் காப்பது என்று 1772-இல் பண்டிதர்களிடம் யோசனை கேட்டது. அந்தப் பண்டிதர்களில் பெஞ்சமின் பிராங்க்ளின் ஒருவர். அவர் சொன்ன யோசனையின் சாரம் ஒரே வரிதான்: உச்சியிலிருந்து ஈர மண்வரைக்கும் அறுந்துபோகாத ஒரு கம்பி.

மேகத்திலிருந்து விழும் இடியும், சட்டையிலிருந்து தெறிக்கும் பொறியும் ஜாதியில் ஒன்று, அளவில்தான் வேறு. மனித உடம்பில் மூவாயிரம் வோல்ட் அளவுக்கு நிலைமின்சாரம் சேரும்வரை அது தெறிப்பதை நாம் உணர்வதே இல்லை. காற்று காய்ந்துபோன பங்குனி சித்திரையில், நடந்தாலும் தேய்த்தாலும் அது உடம்பில் ஏறிக்கொண்டே இருக்கும். ஆனால் சிலவகை மருந்துக் கலவைகள் தீப்பிடிப்பதற்கு, நாம் உணராத அளவுப் பொறியே போதும். மனிதனுடைய தோலைவிட மருந்துக்குத் தொடு உணர்ச்சி அதிகம்.

இந்த வட்டாரத்தில் விபத்து என்ற சொல் ஊர்ப் பெயரோடு சேர்ந்தே வருகிறது. 2012 செப்டம்பரில் முதலிபட்டி; 2021 பிப்ரவரியில் அச்சங்குளம்; 2024 பிப்ரவரியில் வெம்பக்கோட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு வெடிப்பு, பத்து உயிர்கள். இவையெல்லாம் நிலைமின்சாரத்தால் நேர்ந்தவை என்று நான் சொல்லவில்லை. உராய்வு, வெயிலின் சூடு, அளவுக்கு மீறிய மருந்து, அளவுக்கு மீறிய ஆட்கள், பண்டிகைக்கு முந்திய அவசரம் என்று விபத்துக்குப் பல வாசல்கள். நிலைமின்சாரம் அவற்றில் ஒரு வாசல். அந்த ஒன்றையாவது ஒரு தகட்டால் மூடலாம்.

மறுநாள் காலை, கரண்ட் வேலை தெரிந்த ஒருவரைப் பெரியவரே அழைத்துவந்தார். "இது நாமளா கைவைக்கிற வேலையில்ல" என்று என் மருமகனைத் தள்ளி நிற்கச் சொன்னார். சுவரில் மூன்றாவது துளைக்குக் கம்பி ஒழுங்காக வந்திருந்தது. வீட்டின் பின்புறம், துவைகல்லுக்கு அப்பால் எர்த் குழி. மூடியிருந்த கல்லைப் புரட்டினோம். கம்பியைக் குழாயோடு சேர்க்கும் பட்டை துருப்பிடித்து, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. சுற்றிலும் கரிசல் சுருங்கி, குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. வீடு முழுவதற்கும் காவலாக இருக்கவேண்டிய கம்பி, எத்தனை வருஷமாகவோ வெறுங்காற்றைத் தொட்டுக்கொண்டு நின்றிருக்கிறது.

புதுப் பட்டை போட்டு இறுக்கினார். கரியும் உப்பும் போட்டுக் குழியை நிரப்பினார். என் தங்கை இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். கரிசல் அதைக் கடகடவென்று குடித்தது. "வெயில் காலத்துல வாரம் ஒருதரம் ஊத்தணும், தாயீ. மண்ணு காஞ்சா எர்த்து செத்துப்போகும்" என்றார் பெரியவர்.

குடத்தைக் கீழே வைக்கும்போதுதான் அவருடைய வலக்கையைச் சரியாகப் பார்த்தேன். கடைசி இரண்டு விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், முழங்கைவரை தோல் பளபளவென்று இருந்தது. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"முப்பது வருசமாச்சு. தீவாளிக்கு மூணு வாரம். லாரி வந்து நிக்கி. அவசரமா உள்ள போனேன். அன்னைக்குத் தகட்டத் தொடல."

சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"தொட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதான்னு கேட்டா, எனக்குத் தெரியாதுய்யா. வேற எதுனாலயும் ஆயிருக்கலாம். ஆனா தொடலைங்கிறது எனக்குத் தெரியும்ல. உள்ள இருந்த பய வெளிய வரல."

அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் கித்தாரை இணைத்தோம். பையன் தயங்கித் தயங்கி விரலை வைத்தான். எறும்பு ஊரவில்லை. பெரிய ரீங்காரம் போய், மெல்லிய இரைச்சல் மட்டும் எஞ்சியிருந்தது. தந்தியைத் தொட்டதும் அதுவும் அடங்கியது. அதன்பிறகு சீவகனுடைய முறையிலேயே ஒவ்வொன்றாகச் சோதித்தான். கித்தாரின் ஒலித் திருகை முழுவதும் குறைத்தான், இரைச்சல் நின்றுவிட்டது. ஆகவே அது ஒலிபெருக்கியில் பிறப்பதல்ல. கித்தாரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பினான். ஒரு திசையில் இரைச்சல் கூடியது, ஒரு திசையில் ஏறக்குறைய மறைந்தது. ஆகவே எங்கிருந்தோ வருவதைச் சுருள் ஒட்டுக்கேட்கிறது. சுவரில் இருந்த பழைய குழல்விளக்கை அணைத்ததும் அதுவும் தீர்ந்தது. திருகைத் திருப்பும்போது எழுந்த கரகரப்பு உள்ளே படிந்த தூசியினால், துடைத்ததும் போயிற்று.

பொரிச்சல் மட்டும் போகவில்லை. தந்திகளுக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் தகட்டில் விரலோ சட்டைக் கையோ உரசும்போதெல்லாம் படபடத்தது. பெரியவர் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டுச் சிரித்தார்.

"பேராண்டி, சட்டை என்ன சட்டை?"

பாலியஸ்டர்!

பிளாஸ்டிக் தகட்டில் நிலைமின்சாரம் சேர்ந்து, பக்கத்திலிருக்கும் சுருளுக்குள் தெறிக்கிறது. அதற்கு மருந்து, அந்தத் தகட்டின் அடியில் மெல்லிய செம்புத் தாளை ஒட்டி, அதை எர்த் கம்பியோடு சேர்த்துவிடுவது. பையன் கடையில் செம்புத் தாள் வாங்கிவந்து ஒட்டினான். செலவு நாலாயிரமல்ல, எர்த் குழிக்கும் சேர்த்தே அதில் கால் பங்குகூட ஆகவில்லை. அவனுடைய கித்தாரின் வாசலிலும் இப்போது ஒரு செம்புத் தகடு இருக்கிறது.

இரவு அவன் வாசித்தான். பிரமாதமாக வாசித்தான் என்று சொன்னால் மாமன் பாசம் என்பீர்கள். சுமாராகத்தான் வாசித்தான். ஆனால் ஸ்வரங்களுக்கு நடுவே மௌனம் இருந்தது. பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இது நல்ல சாமான்யா" என்றார். "குத்தம் இருந்தா சத்தம் போட்டுச் சொல்லுது. எங்க மருந்து அப்படிச் சொல்லாது. அது ஒரே தடவதான் பேசும்."

அவர் தெருவைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் விடியற்காலையில் நான் புறப்படும்போது, பயராபீஸ் வேன் தெருமுனையில் நின்றது. தூக்குவாளிகளோடு பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். பின்கட்டில் என் தங்கை எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.